காய்ச்சலைத் திட்டியவள்

அம்மாவின் முகமே ஞாபகம் இல்லை, எதை நினைத்து அழுவேன்?

மணப்பெண் நாற்காலியில் இருந்த பெய்லே இதை யாரிடமும் சொல்லவில்லை. யூதக் கல்யாண வழக்கப்படி மணப்பெண்ணை அழவைக்க வந்த விதூஷகர் எதிரில் நின்று எதுகை போட்டுப் பாடினார்: தாயில்லாப் பெண்ணே, இன்று உன் தாய் கல்லறையிலிருந்து எழுந்து வருவாள். சுற்றியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பெய்லேயின் கண் மட்டும் நனையவில்லை. அவர் குனிந்து, "கொஞ்சம் அழும்மா, என் பேரு கெட்டுடும்" என்று கெஞ்சினார்.

கதவருகே நின்ற சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவி டோப்ரேவுக்குப் பொறுக்கவில்லை. பியாவிஸ்டாக் சந்தையில் இருபது வருஷம் மீன் விற்ற குரல் அது.

"யோவ், காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம விரதம் இருக்கா புள்ள. அவளையா அழவைக்கிற? உனக்குத் தினம் ஒரு கல்யாண விருந்து வரணும், வைத்தியர் உன்னைக் கஞ்சி மட்டும் குடிக்கச் சொல்லணும்."

அழுதுகொண்டிருந்த பெண்களே சிரித்துவிட்டார்கள். மாமியார் ரெகீனா சிரிக்கவில்லை. அவள் வீட்டில் யூதர்களின் யிட்டிஷை விட்டுப் போலிஷ்தான் பேசுவார்கள். பெய்லேயின் காதருகே குனிந்து அதிலேயே சொன்னாள்.

"வார்சாவிலேர்ந்து எங்க ஆளுங்க வந்திருக்காங்கம்மா. அவங்க முன்னாடி இந்த மீன்சந்தை யிட்டிஷ் வேண்டாம். மணப்பெண்ணைப் பந்தலுக்கு ஒரு விதவை கூட்டிட்டுப் போறது எங்க வழக்கமும் இல்ல. என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் வரட்டும். இவ உன்னைப் பெத்தவளா என்ன?"

அது காதில் விழுந்த டோப்ரேவுக்குப் போலிஷ் புரியும். "அடுப்பில மீன் இருக்கு, பாக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெய்லேக்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. அப்பா மூலையில் பிரார்த்தனை ஓதிக்கொண்டிருந்தார். சித்தி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து காய்ச்சலோடு சண்டை போட்டாள். "வாடகையும் தரமாட்ட, காலியும் பண்ணமாட்ட. இங்க என்ன இருக்குன்னு வந்த? வசதியான வீடாப் பாத்துப் போ. அங்க டாக்டர் வருவாரு, உனக்குப் பேச்சுத்துணை." அந்தச் சூட்டிலும் பெய்லேக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபின் தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா போனபிறகு, ரத்த உறவு இல்லாத பெண்ணை வேறெங்காவது அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பாசம் என்று அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. என் தலைவலி, என் வயித்தெரிச்சல் என்றுதான் கூப்பிடுவாள். மற்றவர்கள் தாலாட்டில் வளர்ந்ததுபோல நான் அந்த வசவுகளில் வளர்ந்தேன் என்று பெய்லே நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது. விதூஷகர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

ரெகீனாவும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள். "நல்ல பொண்ணு. அவங்க வாசல்ல நிக்கிறாங்க. கையைக் குடு, போகலாம்."

பெய்லே கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"வேண்டாம் அத்தை," என்று யிட்டிஷிலேயே மெல்லச் சொன்னாள். "சித்தி அடுப்படியிலேர்ந்து வரட்டும். அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."