வேகத்தடைக்கு ஒரு சொல்

ஆறாம் எண் வண்டியின் டேஷ்போர்டில் ஓட்டை போடவே விடமாட்டேன் என்று மாப்பிள்ளை குறுக்கே கை நீட்டி நின்றாரே, அந்த நிமிஷமே அந்தக் கூத்து ஆரம்பமாகிவிட்டது.

பழுதாகி நடுரோட்டில் நிற்கும் வண்டிகளைக் கட்டியிழுத்து வரும் கம்பெனி அது. முதலாளியின் தங்கையைக் கட்டியவர் என்பதால் அவர் முதலாளிக்கு மாப்பிள்ளை. முதலாளியைப் பார்த்து ஓட்டுநர்களுக்கும் மாப்பிள்ளை. போகப் போக பஞ்சர் கடைக்காரருக்கும், கடைக்கு வருகிறவர்களுக்கும் மாப்பிள்ளை. கம்பெனியின் ஆறு இழுவை வண்டிகளில் ஒரு பஸ்ஸையே இழுக்கும் தெம்புள்ளது அவருடையது ஒன்றுதான். அதன் டேஷ்போர்டை அவர் காலையில் ஒரு துணி, மாலையில் ஒரு துணி போட்டுத் துடைப்பார். அதில் முகம் பார்த்து மீசை கத்தரிக்கலாம். ஒருமுறை அதில் உட்கார வந்த கொசு வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வயர்லெஸ் செட் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் மற்ற ஐந்து வண்டிகளையும் ஒழுங்காக முடித்திருந்தார். பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்து ஒயர், கூரைக்கு நடுவில் ஆன்டெனா, டேஷ்போர்டில் இரண்டே இரண்டு ஓட்டை போட்டு மைக் மாட்ட ஒரு கொக்கி. ஆறாவது வண்டியில் அவர் டிரில்லை எடுத்ததும் மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"இதுல ஓட்டை போடுறதுக்கு என் நெஞ்சுல போட்டுட்டுப் போங்க."

"உங்க நெஞ்சுல கொக்கி நிக்காதுங்க. எலும்பு தட்டும்," என்றார் எலக்ட்ரீஷியன். "மைக்குன்னா கொக்கியில தொங்கணும். கண்ட இடத்துல கிடந்தா பொத்தான் அமுங்கிக்கும். அப்புறம் நீங்க கொட்டாவி விட்டாலும் ஊருக்கே கேக்கும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

பார்த்தும் கொண்டார். செட்டை டேஷ்போர்டுக்கு அடியில் பழைய பெல்ட் ஒன்றால் கட்டினார். மைக்கைப் பக்கத்து இருக்கையில், மெத்தென்ற துணி விரித்து, பச்சைக் குழந்தையைப் போலப் படுக்க வைத்தார்.

இதெல்லாம் அவர் மனைவிக்குத் தெரியாது. அவள்தான் அலுவலகத்தில் பெரிய செட்டின் முன்னால் உட்கார்ந்து எல்லா வண்டிகளுக்கும் வேலை சொல்கிறவள். ஓட்டுநர்கள் அவளை அக்கா என்பார்கள். வயர்லெஸ் வாங்கலாம் என்ற யோசனையே அக்காவுடையதுதான். அண்ணன் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்க வைத்தாள். அண்ணன், அதாவது முதலாளி, காசை எடுத்து வைத்த கையோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் உனக்கு. பஸ் கம்பெனி மேனேஜர் வந்து உக்காந்து பாக்கப்போறார். அவருக்குப் பிடிச்சு, அவங்க பஸ்ஸையெல்லாம் இழுக்கிற வேலை நமக்கு வந்துச்சுன்னா செட்டும் இருக்கும், இந்த நாற்காலியில நீயும் இருப்பே. இல்லேன்னா செட்டு கடைக்குத் திரும்பிப் போகுது, நீ பழையபடி டயர் கிடங்குக்குப் போறே."

டயர் கிடங்கில் அவள் பல வருஷம் கிழிந்த டயர்களோடு குடித்தனம் நடத்தியிருந்தாள். அங்கே பேச்சுத்துணைக்கு ஒரு பல்லி மட்டும் உண்டு. அதுவும் ரப்பர் நாற்றம் தாங்காமல் குடிபெயர்ந்துவிட்டது. இந்த நாற்காலியோ சுழலும். முன்னால் சுவர் அளவுக்கு வரைபடம். அதை விட்டுவிட்டுப் போவதா?

மேனேஜர் வந்தார். முதலாளி அவரை நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, ஓட்டுநர்களிடமிருந்து பிடுங்கிய செல்போன்கள் அடுக்கிய பீரோவைத் திறந்து காட்டிவிட்டு மறுபடியும் பூட்டினார். "வயர்லெஸ் இருக்கும்போது போன் எதுக்கு சார்? தங்கச்சி ஒரு வார்த்தை சொன்னா போதும், ஆறு வண்டியும் அந்த இடத்துல நிக்கும்."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைத் தூக்கினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் செட்டு கரகரத்தது. பிறகு, அறையே அதிர, ஒரு குரல் வந்தது.

"மாப்பிள்ளை, இந்த சீட்டுல என்னமோ குத்துதே."

"ஸ்பிரிங்கா இருக்கும் அத்தை. பழைய வண்டி."

அக்காவுக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. அது அவள் அம்மா. தன் தங்கை வீட்டுக்குப் போக ஏதாவது வண்டி கிடைக்காதா என்று தெருமுனையில் நின்றிருப்பாள். மருமகன் வண்டி வந்திருக்கும். சோதனை நாளில் வெளியாட்களை ஏற்றக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. மாமியார் வெளியாளா என்ற கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொன்ன மருமகன் இன்னும் பிறக்கவில்லை.

குத்துவது ஸ்பிரிங் இல்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. மைக் இருக்கையில். மைக்கின் மேல் அம்மா. பொத்தான் அமுங்கியே இருக்கிறது.

இந்தச் செட்டில் ஒருவர் பொத்தானை அமுக்கினால் மற்றவர்கள் கேட்க மட்டும்தான் முடியும். அமுக்கியவருக்கோ யார் பேசினாலும் காதில் விழாது. ஆக, அம்மா எழுந்திருக்கும்வரை ஊரில் பேசும் உரிமை அம்மா ஒருத்திக்குத்தான். வீட்டில் வெகுகாலமாக நடப்பதும் அதுதான் என்பது வேறு விஷயம்.

"யாரு இது?" என்றார் மேனேஜர்.

"ரேடியோ ஸ்டேஷன் சார்," என்றார் முதலாளி கண்ணிமைக்காமல். "அப்பப்ப குறுக்கே வரும். நாடகம் போல."

"நல்லா நடிக்கிறாங்க."

நாடகம் தொடர்ந்தது. "அங்க பாருங்க, சாயம் போன அந்தப் பஸ்ஸு. ஒரு தடவை அதுல போனேன். ஜன்னலை மூடுன்னா கையோட வருது, கதவைத் திறன்னா காலோட வருது. அந்தக் கம்பெனிக்கு மேனேஜர்னு ஒருத்தன் இருக்கானா, இல்ல அவனும் எங்கயாவது கழண்டு விழுந்துட்டானா?"

மேனேஜர் தம் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டார். சரியாக அப்போது அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார்.

"எங்க பஸ்ஸு ஒண்ணு பழைய பாலத்து மேல நின்னுபோச்சு. ஜனம் நிறைய இருக்கு, ரெண்டு பக்கமும் வண்டி தேங்கி நிக்குது. உங்க வண்டி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருதுன்னு பாக்கிறேன். நீங்க கேட்ட பரீட்சை தானா வந்திருச்சு."

பஸ்ஸை இழுக்கக்கூடியது ஆறாவது வண்டி. ஆறாவது வண்டியின் காது மாமியாருக்கு அடியில். மாப்பிள்ளையின் போன் பீரோவில். அம்மாவின் போன், பழசாகிவிடும் என்ற பயத்தில், வாங்கிய நாள் முதல் அதன் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை.

"அவ சமையல் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

அக்கா தன்னை மறந்து முன்னால் குனிந்தாள். செட்டிலிருந்து இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது. ஊரில் அங்கங்கே ஐந்து ஓட்டுநர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

"போன வாரம்தான் ஆயில் மாத்தினேன் அத்தை. சத்தமே இல்ல பாருங்க," என்றார் மாப்பிள்ளை.

அதற்குள் செட்டில் ஒரு 'டொக்'. குரல் அறுந்தது. ஒரு தும்மல் நேரம் அமைதி. பிறகு, "யம்மா, தூக்கிப் போடுது மாப்பிள்ளை" என்று மறுபடியும் அம்மா.

அக்கா நிமிர்ந்தாள். வேகத்தடை. வண்டி ஏறி இறங்கும்போது அம்மா ஒரு சாண் மேலே போகிறாள், பொத்தான் விடுபடுகிறது, அம்மா திரும்பி வந்து சேரும்வரை பாதை திறந்திருக்கிறது. அதில் ஒரு சொல் போகும்.

வேகத்தடைகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. தினமும் சாப்பிட உட்கார்ந்தால் மாப்பிள்ளை வண்டியின் இடுப்புக்கு என்னென்ன துன்பம் நேர்ந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் புலம்புவார். மரக்கடை முன்னால் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, ரயில்வே கேட்டில் வரிசையாக நான்கு. கேட்டுக் கேட்டு அவளுக்குத் தூக்கத்திலும் அந்த வரிசை தப்பாது. வண்டி எங்கே போகிறது என்பதை அம்மாவே நேர்முக வர்ணனையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த மரக்கடையை இன்னும் மூடலையா?"

அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். டொக். "வண்டி ஆறு, இது..." என்று முறைப்படி ஆரம்பித்தாள். அவ்வளவுதான், அம்மா வந்திறங்கிவிட்டாள். மரியாதைக்கெல்லாம் இதில் இடமில்லை.

பள்ளிக்கூட மணிச்சத்தம் கேட்டது. டொக். "பஸ்ஸு." டொக். "நிக்குது."

"என்னமோ சத்தம் வந்துச்சே," என்றாள் அம்மா.

"பெரிய பஸ்ஸு போச்சுல்ல அத்தை, அதைப் பாத்துட்டு செட்டு ஏதோ சொல்லுது. புது செட்டு, விவரமானது."

மேனேஜருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலியை வரைபடத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடுத்தது எங்கம்மா?" என்று கேட்டார்.

"ரயில்வே கேட்டு சார். நாலு இருக்கு. அதைத் தாண்டினா ரோடு பிரியுது. வலது பக்கம் பாலம், இடது பக்கம் எங்க சித்தி வீடு. அந்தப் பக்கம் தார் போட்டு வழவழன்னு வெச்சிருக்காங்க."

அந்த நேரம் பார்த்து அம்மா குரலைத் தாழ்த்தினாள். அம்மா குரலைத் தாழ்த்தினால் அடுத்த தெரு வரைக்கும்தான் கேட்கும்.

"ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். என் பையன் இருக்கானே, இத்தனை வண்டி வெச்சு கம்பெனி நடத்துறானே..."

முதலாளியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஒரே தாவலில் தங்கையிடம் வந்தார். "அம்மாவை எந்திரிக்கச் சொல்லு. முதல்ல அதைச் சொல்லு."

"அண்ணே, பாலம்."

"பாலம் எங்கயும் போயிடாது. 'அம்மா எந்திரி', ரெண்டே வார்த்தை. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"மிச்சம் ரெண்டு வார்த்தையில வழி சொல்ல முடியாதுண்ணே."

கேட் மணி அடித்தது. அண்ணன் கும்பிட்டபடி நின்றார். அக்கா ஒரு கண்ணால் அவர் கையைப் பார்த்தாள். ஒரு கண்ணால் வரைபடத்தைப் பார்த்தாள். மூக்கில் டயர் கிடங்கின் நாற்றம் ஏறியது.

டொக். "பழைய." டொக். "பாலம்." டொக். "உடனே." டொக். "போங்க."

"...அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது மாப்பிள்ளை," என்று அம்மா முடித்தாள். "லைசென்ஸுக்குப் போற அன்னிக்கெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்குவான். மூணு சக்கர சைக்கிள்ல விழுந்தவன் அவன் ஒருத்தன்தான். இங்க எல்லாம் என் பொண்ணுதான். எந்த வண்டி எந்தச் சந்துல திரும்பும்னு அவளுக்குத்தான் தெரியும். அவ முன்னால சொல்லிடாதீங்க, ஏற்கெனவே தரையில நிக்கமாட்டா."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலாளி கும்பிட்ட கையைப் பிரிக்க மறந்து அப்படியே உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வலது பக்கம் ஒடிக்கிறீங்க? தங்கச்சி வீடு இந்தப் பக்கம் இல்லையே."

"உங்க பொண்ணு 'பழைய பாலம் போங்க'ன்னு சொன்னா அத்தை."

"எப்ப சொன்னா? எதுக்காம்?"

"அதெல்லாம் நான் கேக்கிறதில்ல."

மாப்பிள்ளையின் குடும்ப வாழ்க்கை இத்தனை வருஷம் சேதமில்லாமல் ஓடியதன் ரகசியம் அந்த ஒரு வரிதான். அதன் பிறகு ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஜனங்கள் கத்துவது கேட்டது. கதவு திறந்தது. "நகருங்க, நகருங்க, அந்தச் சங்கிலியை இந்தப் பக்கம் கொண்டா, நான் சொல்றேன்" என்று அம்மா பாலத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டு இறங்கினாள். செட்டு அமைதியானது. அப்படி ஒரு அமைதியை அந்த அறை கேட்டதில்லை. சுவர்க்கடிகாரம் திடுக்கிட்டு ஒரு நொடியைத் தவறவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜருடைய போன் அடித்தது. பாலத்திலிருந்து பஸ் டிரைவர். கேட்டுவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

"பஸ்ஸைக் கட்டியாச்சாம். ஜனத்தை எல்லாம் ஒரு அம்மா வரிசையில நிக்க வெச்சிருக்காங்களாம்." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளையிலேருந்து எங்க பஸ்ஸெல்லாம் உங்க பொறுப்பு. ஒரே ஒரு விஷயம். நான் போன் பண்ணா உங்க தங்கச்சிதான் எடுக்கணும். உங்ககிட்ட வழி கேட்டு நான் எங்க போய் நிக்கிறது?"

முதலாளி தலையை ஆட்டினார். வேறு எதையும் ஆட்டும் தெம்பு அவரிடம் மிச்சமில்லை. "டயர் கிடங்குக்கு வேற ஆளைப் பாக்கணும்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பல்லி கூட வராது அண்ணே, நல்ல சம்பளமா சொல்லுங்க," என்றாள் அக்கா.

செட்டு கரகரத்தது.

"கன்ட்ரோல், கன்ட்ரோல், வண்டி ஆறு. பஸ்ஸை இழுத்துக்கிட்டு வர்றேன். ஒரு புகாரு. இந்த செட்டு சரியில்லம்மா. காலையிலேருந்து ஒருத்தர்கூடப் பேசல. நடுவுல உன் குரல் துண்டு துண்டா வந்துச்சு, அவ்வளவுதான். நான் பேசினா அங்க கேக்குதான்னே தெரியல. ஓவர்."

அக்கா நாற்காலியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து நின்றாள். பிறகு பொத்தானை நிதானமாக அமுக்கினாள்.

"வண்டி ஆறு, இது கன்ட்ரோல். நீங்க ஆயில் மாத்தினது வரைக்கும் எல்லாம் தெளிவா கேட்டுச்சுங்க. வண்டி ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும் நாங்க எல்லாருமே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். ஓவர்."