கோட்டுக்காரன் கொண்டாந்த கவுன்

ராயபுரத்துல பதினெட்டு வருசமா தையல் கடை வெச்சினுகீறேன். பேரு ஹெப்சிபா. கல்யாண கவுன், சர்ச்சுல புள்ளைங்க போடுற புதுநன்மை கவுன் எல்லாம் என் கைதான். வாய் கொஞ்சம் நீளம்னு தெருவுல சொல்வாங்கோ, சொல்லட்டும்.

போன மே மாசம் வெளிநாட்டு டான்ஸ் குழு ஒண்ணு வந்துச்சு. கால் விரல் நுனியில நின்னு ஆடுவாங்களே, அந்த பாலே. எந்த நாடுன்னு கேக்காதீங்கோ, சொன்னா எனக்குத்தான் பேஜாரு. கிழிஞ்ச டிரெஸ்ஸு தைக்க ஹோட்டல்காரங்க என்கிட்ட அனுப்பினாங்கோ. முக்கியமா ஆடுற பொண்ணு பேரு மிலா. அவ எங்க போனாலும் கூடவே ஒரு கோட்டுக்காரன். மே மாச வெய்யில்ல கோட்டு! அவ பாஸ்போர்ட்டு, போனு எல்லாம் அவன் பையில. அளவு எடுக்க அவளைக் கூட்டினு வந்துட்டு, எதிர் டீக்கடையில நின்னு என் வாசலையே பாத்துகினு இருந்தான்.

துணி மாத்துற திரைக்கு உள்ள வந்ததும் அவ என் போனைக் கேட்டா. அவ பாஷையில என்னமோ பேசினா, போனு தமிழ்ல எழுதிக் காட்டிச்சு: "எங்கள் ஆட்சியை எதிர்த்துப் பேசினேன். திரும்பிப் போனால் சிறை. போக மாட்டேன். உதவுங்கள்."

ஏசப்பா! நமக்கு எதுக்கு இந்த வம்புன்னு ஒரு மனசு. அவ கையத் தொட்டா ஜில்லுனு கீது. சரி, ஆனது ஆவட்டும்.

பக்கத்து வூட்டு உமைமாவுக்கு போன் போட்டேன். எம்.கே.பி. நகர்ல நர்மதான்னு ஒரு வக்கீலம்மா, அகதிங்க கேஸெல்லாம் பாக்குறவங்கோ. "அவங்ககிட்ட இவளைக் கொண்டு போய் வுட்டுடு"ன்னேன். மிலாவுக்கு ஒரு சுடிதாரை மாட்டி, தலையும் மூஞ்சியும் மறைய துப்பட்டாவைச் சுத்தினேன். லாரி தூசிக்கு பயந்து எங்க பொண்ணுங்கோ எல்லாம் அப்பிடித்தான் வண்டியில போவுங்கோ. உமைமா ஸ்கூட்டி இருவது அடி தள்ளி நின்னுச்சு.

மூஞ்சிய மறைச்ச நான் நடைய மறந்துட்டேன். பாலே ஆடி ஆடிப் பழகின கால், ரெண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பி, முதுகு விறைப்பா, வாத்து மாதிரி நடந்தா. ராயபுரத்துல எவ அப்பிடி நடப்பா? கோட்டுக்காரன் அவ காலைப் பாத்தான். டீ கிளாஸைக் கீழ வெச்சான்.

ஓடிப்போய் குறுக்கால நின்னேன். "யோவ், பொம்பளைங்க துணி மாத்துற எடத்துல எட்டியா பாக்குற? கலீஜ் புடிச்சவனே!" அவ்ளோதான், தெருவே கூடிடுச்சு. மீன் வித்துகினு இருந்த கோவிந்தம்மா அவன் கோட்டைப் புடிச்சிகிச்சு. அவன் எக்கி எக்கிப் பாக்குறதுக்குள்ள வண்டி போயே போச்சு.

அவன் போனை எடுத்து என் கடைய, அப்புறம் என்னை, நிதானமா போட்டோ புடிச்சான். அப்பத்தான் எனக்கு பயம் வந்துச்சு.

மறுநா காலையில திரும்பி வந்தான். கையில மிலாவோட வெள்ளை கவுன். கூட பதினேழு வயசுப் பொண்ணு ஒண்ணு. அதே மூக்கு, அதே கண்ணு. போனை நீட்டினான்: "இவள் அவளுடைய தங்கை. இன்று இவள் ஆடுவாள். உடையைச் சிறிதாக்கு."

குழுவுலயே தங்கச்சியும் கீதுன்னு மிலா சொல்லவே இல்லியே! அவ மேல கோவம் கோவமா வந்துச்சு, அப்புறம் அழுகையா வந்துச்சு. கவுனை மாட்டிவுட்டு இடுப்புல குண்டூசி குத்தினேன்.

அவன் சத்தமா போனுல பேசிட்டு என் பக்கம் திருப்பினான்: "அக்கா எங்கே என்று சொன்னால், இவள் நாளை தன் தாயிடம் போவாள். சொல்லாவிட்டால் வேறு இடத்துக்கு."

வக்கீலம்மா பேரு என் வாய் வரைக்கும் வந்துடுச்சு. சத்தியமா சொல்றேன், சொல்லிடத்தான் வாயைத் தொறந்தேன். அவன் பேசினது அந்தப் புள்ளைக்கும் புரிஞ்சுதே. அவன் முதுகுக்குப் பின்னால நின்னு என்னையே பாத்து, வேணாம்னு தலையாட்டிச்சு.

"தெர்யாது"ன்னேன்.

அவன் சிரிச்சான். கவுனைக் கழட்டக்கூட வுடாம, குத்தின குண்டூசியோடவே அவளை இழுத்துகினு போய் கார்ல ஏத்தினான்.