மூன்றாம் நம்பர் மோட்டாருக்கு இழுப்பு

எங்கள் மில்லில் மோட்டார்களை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போவது வழக்கம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் எழுதிய ஒரு சொல்லை ஆபீஸில் படித்த விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

எந்த மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று மதிப்பிடுவது என் வேலை. ஒரு குதிரைச் சக்திக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் என்று பெருக்கிக்கொள்ளலாம். மூன்றாம் நம்பர், இருபது குதிரைச் சக்தி. முப்பதுக்குள் இழுக்க வேண்டியது நாற்பதைத் தாண்டியது. பேரிங் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். "மூன்றாம் நம்பருக்கு இழுப்பு அதிகம், கவனிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டேன். அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

மேனேஜர் ஆறுச்சாமி அதை மூச்சிழுப்பு என்று படித்தார். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மோட்டாருக்கு ஒரு வாரம் வெளியூர்க் காற்று வேண்டும் என்றார். கிரீஸ் வைத்தால் போதும் என்று நான் தொண்டை வறளக் கத்தினேன்.

"அது இழுத்ததை யாராச்சும் இழுத்துத்தானே ஆகோணும்? அளவு தெரிஞ்ச ஆளு நீங்கதானுங்க," என்றார் ஆறுச்சாமி.

லீவு போயிற்று. பெல்ட்டை என் இடுப்பில் மாட்டி ஸ்விட்ச் போட்டார்கள். புறப்படும்போது எந்த மோட்டாரும் ஆறு மடங்கு இழுக்கும். நானும் இழுத்தேன். மில் விளக்கெல்லாம் மங்கியது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள். இது என்ன நியாயம்?

ஞாயிறு மதியம் அக்கா கூப்பிட்டாள். சூப்பர்வைசர் போனை என் காதில் பிடித்தபடி கூடவே சுற்றி ஓடினார். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"நீ வரலைன்னு அழுதுட்டு இருந்தேன் தம்பி. அப்பறம் உங்க மில்லுல இருந்து மூணாம் நம்பரு வந்தாரு. அவரு மடி லேசா அதிருதுல்ல, பாப்பா தூங்கியே போயிட்டா. குத்துனதே தெரியல."

அந்த மடி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். சொன்னேன். அக்கா காதில் வாங்கவில்லை.

"உனக்குப் பாத்து வெச்ச பொண்ண அவருக்கே பேசி முடிச்சுட்டோம். மண்டபத்துக்கு எத்தன ஆம்பியர் லைன் வேணும்னு நீதான் சொல்லோணும்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெண் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டேன்.