கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்

என் சித்தப்பா பார்சல் கம்பெனி நடத்துகிறார். ஆபீசில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதைத் தட்டுவது நான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, பின்பக்கம் பெட்டி மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். பகலெல்லாம் சமர்த்தாக ஓடும். சாயங்காலம் சூடேறியதும் உறைந்துவிடும். அதன் இடது விலாவில், காற்றுத் துளைகளுக்குக் கீழே, உள்ளங்கையால் ஒரு போடு போட்டால்தான் உயிர் வரும். அதற்குள் அன்று அடித்ததில் பாதி காணாமல் போயிருக்கும். நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது என் மகள் தூங்கியிருப்பாள். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வேற ஒண்ணு வாங்கலாம் சித்தப்பா" என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன், முறைத்தும் பார்த்துவிட்டேன்.

"ஓடுதில்ல? அப்புறம் என்ன?" என்பார். அவரைக் கஞ்சர் என்று சொன்னால் கஞ்சர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் என் கணவர் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தார். ஊரில் கம்ப்யூட்டர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்களாம். தாளின் நடுவில் போட்டிருந்த படம் சாட்சாத் எங்கள் ஆபீஸ் மெஷின். எனக்குள் விஷமம் விழித்துக்கொண்டது. வாயால் சொல்லிக் கேட்காத மனிதர் கண்ணால் பார்த்தாவது கூசட்டும்.

"சித்தப்பா, ஞாயித்துக்கிழமை மியூசியத்துல டிக்கெட் வேண்டாமாம், சும்மாவே விடுறாங்களாம். உள்ள ஏசி வேற."

சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் நின்றார்.

முதல் கூடத்தில் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர். "இதுக்கே தனியா வாடகை குடுக்கணுமே" என்று கவலைப்பட்டார். அடுத்து, ஓட்டை போட்ட அட்டைகள். "நல்ல அட்டையெல்லாம் இப்படியா பாழாக்குவாங்க?" மூன்றாவது கூடத்தில், மேடைமேல், சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், 'தொடாதீர்கள்' என்ற அறிவிப்போடு எங்கள் மெஷின் உட்கார்ந்திருந்தது.

"எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே சித்தப்பா?" என்றேன், பால் வடியும் முகத்தோடு.

பக்கத்தில் நின்ற பெண்மணி தன் கணவரிடம், "இதையெல்லாம் வச்சு எப்படித்தான் வேலை பாத்தாங்களோ, பாவம்" என்றார். அவர் சிரித்தார். சித்தப்பா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சரி விடு. நாளைக்குக் கடைக்குப் போய்..."

அந்த நேரம் பார்த்தா அருங்காட்சியகப் பொறுப்பாளர் வந்து அதை ஓட்டிக் காட்ட வேண்டும்? திரையில் எழுத்துகள் பாதி வந்து உறைந்தன. "கொஞ்சம் பொறுங்க, இது அப்பப்ப இப்படித்தான்" என்றார் பொறுப்பாளர் அம்மா.

என் கை என்னைக் கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டி, இடது விலாவில் ஒரு போடு போட்டது. பச்சை எழுத்துகள் மடமடவென்று ஓடின. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா? கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. எங்க ஆபீஸ்ல தினமும் ஓடுதுங்க மேடம்!"

என்னைக் கண்டிக்க வந்த பொறுப்பாளர் அதை மறந்தே போனார். "இன்னும் வேலை செய்யுதா? சார், உங்க வாசல்ல 'இன்றும் ஓடும் பழைய கம்ப்யூட்டர்'னு நாங்க ஒரு பலகை மாட்டுறோம். பள்ளிக்கூடப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து காட்டுவோம். ஆனா நீங்க அதை மாத்தக் கூடாது."

"மாத்துறதா? என் உயிர் இருக்கிற வரைக்கும் மாத்த மாட்டேன்."

இனி ஆயுளுக்கும் தூங்கும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்கப்போகிறேன் என்று நினைத்ததும் அங்கேயே அழுதுவிடலாம் போலிருந்தது. ஆனால் அழுது எதைச் சாதித்திருக்கிறேன்?

"மேடம், நீங்க இங்க இதை எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?" என்று பணிவாகக் கேட்டேன்.

"அஞ்சு மணிக்கு மேல தொடவே மாட்டோம். சூடு தாங்காது. உள்ள கருகிட்டா மாத்துறதுக்கு எதுவும் கிடைக்காது."

"அய்யோ. எங்களுது கருகிட்டா பலகை?"

"ஓடாத மெஷினுக்கு எதுக்குங்க பலகை?" அவர் என்னை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது. பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு சொன்னார்: "சார், அஞ்சு மணி. அதான் எங்க நிபந்தனை. அப்பப்ப வந்து பாப்போம்."

"அஞ்சு மணி" என்று சித்தப்பா சத்தியம் செய்கிற மாதிரி சொன்னார்.

அடுத்த வாரமே பலகை வந்து மாட்டப்பட்டது. அன்று சாயங்காலம் நான் பாதி வேலையில் இருந்தேன். சித்தப்பா தன் அறையிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எந்திரிம்மா. நேரமாச்சு."

"மிச்சம் நிறைய இருக்கே சித்தப்பா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம். காலையிலேருந்து ஓயாம உழைச்சிருக்கு, பாவம். அதுக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் ஒரு நாளும் கேட்காத கேள்வி. மெஷினின் தலையைத் தடவிக்கொடுத்து, துணியைப் போர்த்திவிட்டார்.

"ஆமா சித்தப்பா, பாவம்தான்" என்று சொல்லிவிட்டு என் பையை எடுத்துக்கொண்டேன்.