முதல் பந்தியில் ஓர் இடம்

1

1998, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்குப் பெருமாயி உட்கார மறுத்தாள்.

நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்னவள் சுதாராணி. பெருமாயியோடு ஒரே தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுபவள். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பேருந்தில், கம்பியைப் பிடித்து நின்றபடியே சொன்னாள். கோபமாகச் சொன்னாள். கோபமாக எழுதுகிறேன். இந்தக் கதை பிறந்தது இப்படித்தான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

கரிசல் வெடித்துக் கிடந்த அந்த ஆண்டில் பெருமாயி

(வேண்டாம். மண் ஒன்றும் செய்யவில்லை. செய்தவர்கள் மனிதர்கள்.)

ஆலய மணி மூன்றாம் முறை ஒலித்தபோது

(மணி எல்லோருக்கும் ஒலிக்கும். இந்தக் கதைக்கு உதவாது.)

பெருமாயி ஓர் எளிய

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன். எளியவள் என்றால் நீங்கள் இரங்குவீர்கள். இரக்கத்தை அவள் கேட்கவில்லை.)

3

அவள் கேட்டது ஒரு வாளி.

பெருமாயியும் சுதாராணியும் போகிற கிறிஸ்தவ சபையில் வருடம் ஒருமுறை அசனம் நடக்கும். சபையார் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பெருமாயி காலனியிலிருந்து வந்தவள். ஞானஸ்நானம் பெற்று ஆறு வருடம். எஸ்தர் என்று புதுப்பெயர் வைத்தார்கள். கூப்பிட்டதெல்லாம் பழைய பெயரைத்தான்.

ஒவ்வொரு அசனத்துக்கும் அண்டா விளக்கினாள், வெங்காயம் உரித்தாள், எச்சில் இலை அள்ளினாள். அடுப்பு பற்றியதும், "போதும், நீ போயி உக்காரு" என்றார்கள். உரித்த வெங்காயம் குழம்பில் விழுந்தபிறகு அதன் பக்கம் அவள் கை வரக் கூடாது. யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பதிலாக முதல் பந்தியில் முதல் இடம் கொடுத்தார்கள்.*

* மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். உட்காரவைத்துவிட்டால் பரிமாற வரமாட்டாள்.

4

அசனத்துக்கு முந்தின ஞாயிறு போதகர் பிரசங்கித்தார். தேவனுக்கு நம் கையால் ஆகவேண்டியது எதுவுமில்லை. ஆனாலும் தம் வேலைக்கு நம்மை அழைக்கிறார். அவருக்கு ஊழியம் செய்வது நம் தகுதிக்குக் கிடைத்த கூலி அல்ல. கிருபையாய்க் கிடைத்த சிலாக்கியம், பெரும் பேறு.

[நல்ல பிரசங்கம். இதில் கேலி இல்லை. நானும் அதை நம்புகிறேன். நம்பாதிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.]

சபை தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிற்று. பெருமாயி அதைத் தனக்கு வந்த செய்தியாக எடுத்துக்கொண்டாள். மறுநாள் பசை தடவிக்கொண்டே சுதாராணியிடம் சொன்னாள்:

"ஏட்டி, பொறந்ததுலேருந்து வேல பாக்கோம். ஏன் இன்னும் முடிக்கலன்னுதான் எல்லாரும் கேட்டிருக்காவ. இந்தா பிடி, இது ஒனக்குன்னு ஒரு வேலைய யாராச்சும் ஆசையா குடுத்திருக்காவளா? ஆண்டவரு குடுத்திருக்காரு."

"என்ன வேலக்கா?"

"அசனத்துல கொழம்பு வாளி தூக்கப்போறேன்."

"சாமித்துரை அண்ணாச்சி ஒன்னையத் தூக்கி வெளிய வச்சிருவாரு."

"அவருக்கு இடுப்புவலி. தூக்கமாட்டாரு."

5

சாமித்துரை மளிகைக் கடைக்காரர். அசனக் கமிட்டித் தலைவர். அவரைக் கொடியவராக எழுதப் பார்த்தேன். பெரிய மீசை வைத்தேன், எடுத்தேன். பாத்திரம் நிற்கவில்லை.

காரணம், சுதாராணி சொன்ன இன்னொரு விஷயம். அந்த வருடம் பெரிய வியாழன் ஆராதனையில் போதகர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவினார். பின்னாலேயே மண்டியிட்டு வந்து துண்டால் துடைத்தவர் சாமித்துரை. பெருமாயியின் பாதத்தையும் துடைத்தார். துடைக்கும்போது அழுதாராம். பொய்யழுகை இல்லை என்கிறாள் சுதாராணி.

அவள் காலைத் தொட முடிந்தவருக்கு அவள் கையிலிருந்து வாங்க முடியவில்லை. குனிந்தவர் எழுந்ததும் மறுபடி சாமித்துரை அண்ணாச்சி ஆகிவிடலாம். ஆனால் அவள் ஊற்றி இவர் சாப்பிட்டுவிட்டால்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கத் தேவையில்லை. உங்களுக்கே தெரியும்.)

சனிக்கிழமை அவர் கடைக்கே போய்க் கேட்டாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு நான் கொழம்பு வாளி எடுக்கேன்."

"ஒனக்கெதுக்கு அந்தக் கஷ்டம்? இங்கன இத்தன பேரு இருக்கோம்லா. எஸ்தரம்மா ஜம்முனு உக்காந்து சாப்பிடணும்."

(உட்காரவைக்கும்போது மட்டும் எஸ்தர்.)

"கஷ்டம்னா எனக்கு வேண்டாம். சிலாக்கியம்னுல்லா ஐயா சொன்னாவ?"

"அது பிரசங்கம். இது சாப்பாடு, தாயி. நாலு பேரு எந்திரிச்சுப் போயிட்டா அசனமே கெட்டுரும்."

"எந்த நாலு பேரு அண்ணாச்சி?"

அவர் அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுத்தார்.

அந்த நாலு பேரை நானும் தேடினேன். ஒருவருக்கும் முகமில்லை. கிருபை தேவனுடையது என்று பாடிவிட்டு, அதை யார் கையில் கொடுக்கலாம் என்று அந்த முகமில்லாத நாலு பேரைக் கேட்டு முடிவுசெய்கிறது கமிட்டி. வெட்கமில்லாமல் அதற்கு முன்னும் பின்னும் ஜெபமும் செய்கிறது.

6

எழுதிக் கிழித்த முடிவுகள்.

ஒரு குழந்தை இலையோடு ஓடிவந்து அவள் முன்னால் உட்காருகிறது. கிழித்தேன். பெரியவர்கள் செய்ய வேண்டியதைக் குழந்தையிடம் தள்ளிவிடுவது கோழைத்தனம்.

அவள் வேறு சபைக்குப் போய்விடுகிறாள். அப்படிப் போனவர்கள் உண்டு. ஆனால் அவள் ஏன் போக வேண்டும்?

சாமித்துரை மனந்திரும்புகிறார். இதை எழுதும்போது கை தானாக ஓடியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. இரண்டு பக்கத்துக்குள் இது அவருடைய கதை ஆகியிருந்தது. வாளியோடு அவள் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

7

பன்னிரண்டே முக்கால். ஜெபம் முடிந்தது. முதல் பந்தி இலைகளில் சோறு வைத்தாயிற்று. முதல் இலை அவளுக்கு. எதிரே பாயில் ஆள் இல்லை.

"எஸ்தரம்மா, உக்காருங்க" என்றார் போதகர்.

"நான் உக்காரல ஐயா."

"எல்லாரும் காத்திருக்காங்கம்மா."

"அதான் ஐயா. சோறு ஆறுது."

பந்தல்காலருகே குழம்பு வாளி இருந்தது. சாமித்துரை கை நீட்டினார். அதற்குள் வாளியின் பிடி அவள் கைக்குப் போயிருந்தது. 

அப்புறம் நடந்ததையும் சுதாராணி சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. வாங்கிச் சாப்பிட்டார்கள் என்றால் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவீர்கள். எழுந்து போனார்கள் என்றால் அவர்களைத் திட்டிவிட்டு மூடுவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

அவள் உட்கார மறுத்த இடம் காலியாக இருக்கிறது. இலை இருக்கிறது, சோறு இருக்கிறது. உட்காருங்கள்.

முதல் இலை என்பதால் முதலில் உங்களிடம்தான் வருகிறாள். வாளியை இடுப்போடு சாய்த்துக்கொள்கிறாள். கரண்டி நிறையக் குழம்பு. பந்தி முழுக்க உங்கள் கையைத்தான் பார்க்கிறது.

"சோத்துல குழி பண்ணிக்கிடுங்க. ஊத்தட்டுமா?"