சர்க்கரைக் கண்ணாடி

நாற்பத்தைந்து வயதாகி, காதோரம் நரைத்து, மூக்குக் கண்ணாடிக் கடையில் மூத்த ஆளாகிவிட்ட பிறகும் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். அந்தச் சின்னவனுக்குக் கேக் பைத்தியம் பிடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கைப்பேசியில் யாரோ செய்ததைப் பார்த்து ஆரம்பித்தது. முதல் கேக் செங்கல் மாதிரி வந்தது. இரண்டாவதைத் தெருநாய் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. ஆனால் லென்ஸை மயிரிழை பிசகாமல் தேய்த்துச் சட்டத்தில் உட்கார வைக்கிற கை, சும்மா விடுமா? போகப்போக உறவுக்காரர்கள் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு, “சின்னவன் கேக் உண்டுல்ல?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விதான் அவனுக்கு எந்தக் கேக்கையும்விட இனித்தது.

அத்தைக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. அவன் அப்பாவின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு முழுவதையும் கட்டி மேய்த்த தலைமை நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அடுத்த தெருவில் மாடி வீட்டில் தனியாக இருந்தாள். சின்னவனின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில், ஓய்வு பெற்றிருந்த அத்தைதான் தினமும் வந்து தம்பிக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றிவிட்டுப் போனாள். யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷி. அவளுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று சின்னவனுக்கு நெடுநாளாக ஆசை. இதில் பொய் இல்லை. ஆனால் அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதும் அதே ஆசைக்குள்தான் இருந்தது.

மூன்று அடுக்கு என்று முடிவு செய்தான். ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்ட பஞ்சு மாதிரி கேக். நூலைச் சுற்றி இழுத்து ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து, சர்க்கரைப் பாகு தடவி, வெண்ணெய்க் க்ரீமை அள்ளிவைத்து, தட்டைச் சுழற்றிச் சுழற்றிச் சுவர் பூசுகிறவனைப் போல வழித்துவிட்டான். உச்சியில் வைக்க ஒரு சர்க்கரைக் கண்ணாடி. சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் உருக்கி, தேன் நிறம் வந்ததும் எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவைத்து உடைத்தால் பொன்னிறக் கண்ணாடித் துண்டுகள் கிடைக்கும். கிரீடம் மாதிரி சுற்றிலும் குத்தி நிறுத்தினால், விளக்கு வெளிச்சம் உள்ளே புகுந்து மின்னும்.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

“அத்தை வயசுக்கு மெத்துன்னு எதாவது போதாதா? இந்தக் கல்ல எப்படிக் கடிப்பாங்க?”

“அது அழகுக்கும்மா. கடிக்கணும்னு கட்டாயமா என்ன?”

“என்னைக்காவது ஒரு நாள் சாப்பிடறவங்கள நினைச்சு செய்யுங்க.”

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று வெளியே மழை மூட்டமாக இருந்தது. ஈரக் காற்றுக்குச் சர்க்கரை ஆகாது. சாயங்காலத்துக்குள் துண்டுகள் வியர்த்து, ஓரம் வளைந்து, தொட்டால் பசை மாதிரி விரலைப் பிடித்தன. எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். எடுத்தால் உச்சி மொட்டையாகிவிடும். அப்படியே விட்டுவிட்டான்.

சின்னவன் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். அத்தையோடு வேலை பார்த்த நர்ஸுகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கேக்கைத் தூக்கி வந்து வைத்ததும் “அடேயப்பா!” என்று ஒரே குரல். அத்தை மெல்ல வாய் மூடிச் சிரித்தாள். எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள்.

“எனக்கு எதுக்குடா இவ்வளவு?”

“உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன் அத்தை?”

அவள் வெட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். எதிரே தங்கை கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். சின்னவன் கேக்கைத் தொடாமல், உச்சியிலிருந்து இருப்பதிலேயே பெரிய சர்க்கரைத் துண்டைப் பிடுங்கி அத்தையின் வாயருகே கொண்டுபோனான்.

“அது வேணாம்டா. கேக்கு குடு.”

“ஒரே கடி அத்தை. இதுக்குத்தான் நான் பட்ட பாடே.”

“அப்புறமா சாப்பிடறேன்.”

“எல்லாரும் பாக்கறாங்க, கடிங்க!”

தங்கை வேறு, “அத்தை, இங்க பாத்துக் கடிங்க” என்றாள். அத்தை அவன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை ஆசைப்படுகிறானே என்று நினைத்திருக்க வேண்டும். கடித்தாள். துண்டு உடையவில்லை, பற்களை அப்பிக்கொண்டது. அவள் தலையைப் பின்னால் இழுக்க, அவனும் விளையாட்டாகத் தன் பக்கம் இழுத்தான். மெலிதாக ஒரு சத்தம். துண்டு அவன் கையோடு வந்தது. அதன் முனையில் அத்தையின் மேல்வரிசைப் பற்கள் மொத்தமும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அத்தைக்குப் பல் செட்டு என்பது அங்கே யாருக்குமே தெரியாது.

முதலில் சிரித்தது சின்னவன்தான். சிரித்ததோடு நிற்கவில்லை. கையிலிருந்ததைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அதற்குப் பிறகு கூடமே சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். அந்த இரண்டு நர்ஸுகள் மட்டும் சிரிக்கவில்லை என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

அத்தை ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள். ஏதோ சொன்னாள். சொல் குழறியது. அவன் கொடுத்தான். வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது கைக்குட்டையால் வாயை மறைத்திருந்தாள். நர்ஸுகள் ஆளுக்கொரு பக்கமாகக் கைபிடித்து அவள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பின்னாலேயே ஓடிய சின்னவனிடம் அவர்களில் ஒருத்தி, “நீங்க இருங்க, நாங்க பாத்துக்கறோம்” என்றாள்.

விருந்தாளிகள் கேக்கைச் சாப்பிட்டார்கள். பிரமாதம் என்றார்கள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி டிங் என்றது. குடும்ப வாட்ஸப் குழுவில் தங்கை அந்த வீடியோவைப் போட்டிருந்தாள். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். ஈரக் கையோடு போட்டுப் பார்த்தான். அத்தை முகம் அதில் சரியாகத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அவன் முகம்தான். வாய் அகலத் திறந்து, கண் இடுங்கி, கையை உயர்த்தி, பரிசுக் கோப்பை வாங்கியவன் மாதிரி. கை தவறி மேலே போயிற்று என்றுதான் அதுவரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். வீடியோவில் அப்படி இல்லை. தூக்கிய கையை, பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியிருந்தான்.

தங்கையைக் கூப்பிட்டான். “அத உடனே எடு.”

“எடுத்துடறேன். ஆனா எல்லாரும் பாத்தாச்சேண்ணா. அத்தையும் பாத்துட்டாங்க போல, குழுவிலிருந்து வெளிய போயிட்டாங்க.”

மனைவி துடைத்த தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட தேவலை. அவள் சொல்லவில்லை.

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அத்தை வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் பழைய பல் செட்டைப் போட்டிருந்தாள். அது தளர்ந்து, பேசும்போது கடகடவென்று ஆடியது. உள்ளே விட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

“அத்தை, மன்னிச்சிருங்க. தெரியாம நடந்துபோச்சு.”

“பல்லு கழண்டு வந்தது தெரியாம நடந்தது. அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.” கொஞ்சம் நிறுத்தினாள். “தூக்கிக் காட்டினியே, அதுவும் தெரியாமலா?”

அவன் பதிலுக்கு அத்தை காத்திருக்கவில்லை.

“உங்கப்பனுக்கு நான் துடைக்கும்போது கதவைச் சாத்திட்டுதான் துடைப்பேன். பெத்த மகன், உன்னைக்கூட உள்ள விட்டதில்ல. ஏன்னு என்னைக்காவது யோசிச்சியா?”

அழுதால் அத்தையே சமாதானப்படுத்த வேண்டி வரும் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டான்.

மேசையில் ஒரு சின்ன வெள்ளை டப்பா இருந்தது. அதற்குள் நேற்றுக் கழன்ற செட்டு, ஒரு பல் உடைந்து, அண்ணப் பக்கம் விரிசல் விட்டிருந்தது. பல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், ஆனால் இந்தப் பழைய செட்டோடு போனில் பேசினால் யாருக்கும் புரியாது என்றாள். “நீ பேசு.”

அத்தைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். எதிர்முனைப் பெண், “எப்படிங்க உடைஞ்சுது?” என்று கேட்டாள்.

“சர்க்கரைத் துண்டக் கடிச்சு.”

“இந்த வயசுல எதுக்குங்க அதெல்லாம் சாப்பிட்டாங்க?”

அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வற்புறுத்தினேன்” என்றான். அந்தப் பெண் குபுக்கென்று சிரித்துவிட்டு, செட்டைக் கொண்டுவந்து தரச் சொன்னாள். அந்தச் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.

“கொண்டு போய்க் குடு” என்றாள் அத்தை. “மூடினபடியே கொண்டு போ.”

பேருந்தில் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு போனான். பல் டாக்டர் இடத்தில் பெஞ்சு நிறையக் கூட்டம். முகப்பில் இருந்த பெண் டப்பாவை வாங்கியதும் அங்கேயே மூடியைத் திருகப் போனாள்.

“இங்க வேணாம்மா. உள்ள கொண்டுபோய்த் திறங்களேன்.”

“ஏங்க, இதுல என்ன இருக்கு? தினம் பத்துப் பாக்கறோம்.”

“பரவால்ல, உள்ள போய்த் திறங்க.”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்தது. அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள்.

வேலை முடிய மூன்று நாளாயிற்று. வாங்கிக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போய் மணியடித்தான். கதவு பாதிதான் திறந்தது. கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி” என்றாள், ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் வெளியாளிடம் சொல்வதைப் போல.

கதவு சாத்திய பிறகும் அவன் படியிலேயே நின்றான். சின்ன வயதிலிருந்து அவளுக்கு எத்தனையோ முறை எடுபிடி வேலை செய்திருக்கிறான். அத்தை ஒருநாளும் அவனுக்கு நன்றி சொன்னதில்லை.