மூன்றாவது தரம்

"உங்கள் தரவிறக்கங்கள்" என்று போன் செயலியில் எழுதி வைத்திருக்கிறான். நல்ல தமிழ். எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் அந்த "உங்கள்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று, எழுதியவனைக் கண்டால் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும். என் பெயர் றெஜினா, ஊர் மயிலிட்டி, வயது ஐம்பத்தாறு. எனக்கு "என்னுடையது" என்றால் என்னுடையதுதான். அதில் பாதி, கால் என்றெல்லாம் கிடையாது.

என் மனிசன் கிறகோரி துறைமுகத்தில் மீன் ஏலம் கூறியவர். படகுகள் வந்து மீனை இறக்கியதும் குவியலுக்கு முன்னால் அவர்தான் நிற்பார். "ஒருதரம்..." என்று இழுப்பார். "இரண்டுதரம்..." என்று அதைவிட நீளமாக இழுப்பார். பிறகு ஒரு மூச்சுப் பொறுத்து "மூண்டுதரம்!" என்று வெட்டுவார். வெட்டினால் வெட்டினதுதான். ஒருமுறை அப்படி முடிந்த அறுக்குளா மீன் குவியலுக்கு, லொறியிலிருந்து குதித்து ஓடிவந்த ஒரு வியாபாரி கூடக் காசு தருகிறேன் என்று நின்றார். மீன் கொண்டுவந்த படகுக்காரனுக்கே நாக்கு ஊறிவிட்டது. கிறகோரி திரும்பியும் பார்க்கவில்லை.

"மூண்டுதரம் சொல்லியாச்சு. இனி மாதாவே வந்து கேட்டாலும் அது ஏலத்திலை வேண்டினவன்ரை மீன்" என்றார். மாதாவை இதற்குள் இழுத்ததற்கு வீட்டில் என்னிடம் நல்ல ஏச்சு வாங்கினார்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் துறைமுகத்தில் ஒரு படம் எடுத்தார்கள். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்களுக்கு விளம்பரம். ஏலக் காட்சிக்கு ஒரு நடிகரைக் கூட்டிவந்திருந்தார்கள். பாவம், அவர் பூசையில் வாசகம் வாசிப்பவரைப் போல ஏலம் கூறினார். நின்ற சனமெல்லாம் சிரித்தது. கடைசியில் இயக்குநர் கிறகோரியையே நிறுத்தி எடுத்தார். நாற்பது விநாடி. முகம் முழுதாகத் தெரிகிறது, குரல் முழுதாகக் கேட்கிறது.

அந்த நாற்பது விநாடியைத் தவிர அவருடைய குரல் இந்த உலகத்தில் வேறு எங்கும் இல்லை. நாங்கள் கல்யாணம் செய்தது இடம்பெயர்ந்திருந்த முகாமில், அங்கே ஏது வீடியோ? மகள் ஜெனிற்றாவின் கல்யாண வீடியோவில் அவர் பேசத்தான் பேசினார். படம் எடுத்தவன் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டான். கைத்தொலைபேசியிலும் "ஓம், வாறன்" என்பதற்கு மேல் அவர் கதைத்ததில்லை.

படம் ஒரு செயலியில் வந்தது. மாதாமாதம் காசு கட்டிப் பார்க்கிற செயலி. எங்கள் வீட்டில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், அதனால் ஜெனிற்றா என் போனில் ஒரு மெமரி காட்டைச் செருகி, படத்தை அதற்குள் போகும்படி செய்தாள். "தரவிறக்கு" என்று ஒரு பொத்தான். அதை அமத்தினால் வட்டம் ஒன்று சுற்றி நிறைந்தது.

"இனி நெற் இல்லாமலும் பாக்கலாம், அம்மா. இறக்கியாச்சு."

இறக்கியாச்சு. கடற்கரையில் பிறந்த ஒருத்தியிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? கடலில் நிற்கும்வரைதான் மீன் யாருடையதோ. கரையில் இறக்கினால் கணக்கு முடிந்தது. நான் அப்படித்தான் நினைத்தேன். என் புத்தியில் பிழையில்லை, அவர்களுடைய சொல்லில்தான் பிழை.

அன்று மாலை வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தோம். கிறகோரி வெட்கத்தில் வெளியே போய் வேலியோடு நின்றார். அவருடைய தங்கை யசிந்தா தன் போனைத் தூக்கிப் பிடித்து என் போன் திரையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் முழுப்படம் இருக்கும்போது இதென்ன களவு வேலை என்று அவளைச் சத்தம் போட்டு நிறுத்தினேன். அவளும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனை மடியில் வைத்துவிட்டாள்.

போன வருடம், தவக்காலத்துக்குப் பிறகு ஒரு காலையில், கிறகோரி நெஞ்சு நோகிறது என்றார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே பேச்சு நின்றுவிட்டது, பிறகு மூச்சும். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் ஒவ்வொரு நாளும் அந்த நாற்பது விநாடியைப் பார்த்தேன். பிறகு அந்தப் போன் கிணற்றடியில் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்தது. நான் பதறவில்லை. போன் போனால் என்ன, படம் மெமரி காட்டில்தானே இருக்கிறது? காட்டைக் கழற்றித் துடைத்து, பொலித்தீனில் சுற்றி, காணி உறுதிப் பத்திரம் இருக்கிற பைக்குள் வைத்தேன்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லுக்குள் ஓடும்போது என் அம்மா அடுப்பில் இருந்த சோற்றை விட்டாள், ஆட்டை விட்டாள், உறுதிப் பையை மட்டும் விடவில்லை. இருபத்தேழு வருடம் எங்கள் காணி ஆமியின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. உறுதி எங்கள் கையில், காணி அவர்களுடைய முட்கம்பிக்குள். எங்கள் கிணற்றை நாங்கள் எட்டிப் பார்க்க ஏலாது. ஆனாலும் உறுதி இருந்தபடியால்தான் திரும்பி வந்து இதுதான் எல்லை என்று காட்ட முடிந்தது. அந்தப் பைக்குள் போன எதுவும் எங்களை விட்டுப் போனதில்லை.

ஆண்டு நினைவுத் திருப்பலி வந்தது. பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்பு அவருடைய குரலை எல்லோருக்கும் கேட்கப் போட வேண்டும் என்று நினைத்தேன். அவர் செத்து மூன்று மாதத்துக்குப் பிறகு பிறந்த ஜெனிற்றாவின் பிள்ளையும் மடியில் இருந்து கேட்கட்டும். நான்கு நாள் இருக்கும்போது காட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிறேம் என்ற பொடியன் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். மரியாதையான பிள்ளை.

"தம்பி, இதுக்குள்ளை ஒரு படம் கிடக்கு. ரீவியிலை போடுற மாதிரி ஒரு பென் ட்ரைவிலை ஏத்தித் தா."

அவன் காட்டைக் கணினியில் செருகினான். ஒரு பெட்டி திறந்தது, அதற்குள் ஒரு பெட்டி, அதற்குள் இன்னொன்று. கடைசிப் பெட்டிக்குள் எண்ணும் எழுத்துமாய்ப் பெயரிட்ட துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைத் தட்டினான், திறக்கவில்லை. வேறு ஒன்றைத் தட்டினான், அதுவும் இல்லை.

"அன்ரி, படம் இஞ்சைதான் இருக்கு. முழுசா இருக்கு. ஆனால் பூட்டித்தான் வைச்சிருக்கிறாங்கள். துறப்பு அப்பிட்டைத்தான் இருக்கு."

"எந்த அப்புவிட்டை?"

"அப்பு இல்லை அன்ரி. அப். நீங்கள் படம் பாத்த அந்தச் செயலி. அது இடைக்கிடை கொம்பனியோடை கதைச்சு, இந்த ஆள் இன்னும் பாக்கலாமோ எண்டு கேக்கும். ஓம் எண்டால்தான் துறக்கும். நீங்கள் காட்டைக் கழட்டி வைச்சிட்டியள், போனும் மாறிப்போச்சு. இனி இது ஆற்றை எண்டு அதுக்குத் தெரியாது."

"நான் சொல்லுறன் இது என்ரை எண்டு. காணாதே?"

பிறேம் தலையைச் சொறிந்தான். என் புதிய போனை வாங்கி அந்தச் செயலியில் படத்தைத் தேடினான். மறுபடி இறக்கினால் சரிதானே என்றான். படம் அங்கே இல்லை. ஒரு வசனம்தான் வந்தது: "இந்தத் தலைப்பு உங்கள் பகுதியில் கிடைக்காது."

நான் அதை இரண்டுமுறை வாசித்தேன்.

"என்ரை பகுதியோ? தம்பி, அந்தப் படம் எடுத்ததே என்ரை பகுதியிலை! என்ரை வாசலாலைதான் கமராப் பெட்டியளைத் தூக்கிக்கொண்டு போனவங்கள். என்ரை அடுப்பிலைதான் அவங்களுக்குத் தேத்தண்ணி. மனிசன்ரை தொண்டையை எடுத்துக்கொண்டு போய் உலகம் முழுக்க வித்துப்போட்டு, இப்ப எனக்குச் சொல்லுறாங்களோ உன்ரை பகுதியிலை இல்லையெண்டு?"

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பிறேம் பாவம், எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டான். உரிமை முடிந்து படத்தை எடுத்திருப்பார்கள், அது அவர்களுடைய ஒப்பந்தம் என்று மெல்லச் சொன்னான். பிறகு ஆறுதலுக்கு என்று நினைத்து ஒரு வார்த்தை சொன்னான்.

"காட் நல்ல காட், அன்ரி. உதுகளை அழிச்சுத் தரட்டே? வேறை ஏதும் போடலாம்."

நான் காட்டைப் பறித்துக்கொண்டேன். "உள்ளுக்கு இருக்கு, ஆனால் போகேலாது. இது எனக்குப் பழகின கதை, ராசா. முட்கம்பிக்குள்ளை இருந்த காணியை நாங்கள் அழிச்சுவிடச் சொல்லேல்லை."

வீட்டுக்கு வந்து ஜெனிற்றாவை இருத்தி அந்தக் கொம்பனிக்கு எழுதுவித்தேன். அரை நிமிடத்தில் பதில் வந்தது. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது" என்றது. திரும்பவும் "உங்கள்"! எழுதியது மனிதன் இல்லை, இயந்திரம் என்றாள் ஜெனிற்றா. மனிதனாக இருந்தால் கொஞ்சமாவது வெட்கப்பட்டிருப்பான். இயக்குநருடைய எண்ணைத் தேடி எடுத்தோம். நல்ல மனிசன், கிறகோரியின் செய்தி கேட்டுக் கலங்கினார். ஆனால் படம் முழுவதையும் கொம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம், தன்னிடமும் ஒரு பிரதி இல்லை என்றார். எடுத்தவரிடம் இல்லை, நடித்தவரின் வீட்டில் இல்லை, எடுத்த ஊரில் இல்லை. அப்படியானால் யாருக்காகத்தான் அந்தப் படம்?

பூசைக்கு முதல்நாள் பின்னேரம் யசிந்தா வந்தாள். அன்று நான் ஏசியதிலிருந்து அவள் என்னோடு அளந்துதான் கதைப்பாள்.

"மச்சாள், அண்டைக்கு நான் எடுத்தது கொஞ்சம் கிடக்கு. நீங்கள் நிப்பாட்டச் சொன்னபடியாலை முழுக்க இல்லை. ஆனால் அண்ணையின்ரை சத்தம் கேக்கும்."

நான் அவள் கையைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "நாளைக்குக் கொண்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

மண்டபத்தில் ஒலிபெருக்கியோடு அவளுடைய போனைப் பொருத்தினார்கள். சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி இருந்த சனம் அமைதியானது. துறைமுகத்து ஆட்கள் பின்னால் எழுந்து நின்றார்கள். பிள்ளை என் மடியில் இருந்தது. முதலில் காற்றுச் சத்தம், காகச் சத்தம். பிறகு அவர்.

"ஒருதரம்..."

ஜெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இரண்டுதரம்..."

அந்த மூச்சுப் பொறுக்கிற இடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் கத்தினாள்.

"உதை நிப்பாட்டடி! எங்களிட்டை முழுக்க இறக்கி வைச்சிருக்கெல்லோ!"

என் குரல். அத்தோடு முடிந்தது.

யசிந்தா நிலத்தைப் பார்த்தாள். எவ்வளவு நாளாக அந்தக் கொம்பனியை ஏசினேன், அந்தச் செயலியை ஏசினேன், சொல்லை எழுதியவனை ஏசினேன். அவர்கள் பூட்டினார்கள், உண்மைதான். ஆனால் அவருடைய மூன்றாவது தரத்தை மூடியது என் வாய். அவர்கள் "உங்கள்" என்று எழுதியதை நம்பிய என் வாய்.

பின்னால் நின்ற துறைமுகத்து ஆட்களைப் பார்த்தேன். அவர்கள் இன்னும் நின்றபடியே இருந்தார்கள். ஏலம் பாதியில் நிற்கும்போது அங்கே யாரும் இடத்தை விட்டுப் போவதில்லை, அதுதான் வழக்கம். இரண்டுதரத்தில் நிற்கிற மீன் இன்னும் யாருடையதும் இல்லை.

பிள்ளையை ஜெனிற்றாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

"யசிந்தா, இன்னொருக்காப் போடு. என்ரை சத்தம் வர முந்தி நிப்பாட்டு."

அவள் போட்டாள். ஒருதரம். இரண்டுதரம். அவள் விரல் சரியாக விழுந்தது. நான் ஒரு மூச்சுப் பொறுத்தேன், அவர் பொறுக்கிற அளவுக்கு. பிறகு மண்டபம் அதிரக் கத்தினேன்.

"மூண்டுதரம்!"

குரல் உடைந்துதான் வந்தது. அழகாக இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.